கால்கட்டும் இரண்டாவது ஸ்டூலும்

“ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்.” குடிக்கிற பையனுக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக எழுதப்பட்ட முதல் மருந்துச்சீட்டு இதுதான். ஊர்ப் பெரியவர் சொல்வார், தாய்மாமன் சொல்வார், சில வீடுகளில் பெற்ற அம்மாவே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண் வீட்டாரிடம் பேசும்போது விஷயம் இளைத்துப் போகும். “பையன் கொஞ்சம் ஜாலி டைப்”, “எப்பவாவது ஃபிரண்ட்ஸோட மட்டும்தான்.” ஆக, மருந்து அந்தப் பெண். பக்க விளைவுகளைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. அவை அவளுக்குத்தானே வரப்போகின்றன!

இன்று அதே நோயோடு ஒருவர் நல்ல சிகிச்சை மையத்துக்குப் போனால் முதல் சில நாள்கள் உடம்புக்கான வைத்தியம் நடக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் வரும் குழப்பம், பிதற்றல். இவற்றுக்கு மாத்திரையும் தயமின் ஊசியும். உடம்பு தெளிந்ததும் “வீட்டம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்பார்கள். கேள்வி பழையதுதான். அன்று அதைக் கேட்டது பில் கட்ட, கையெழுத்துப் போட, டிபன் கேரியரை நீட்ட. இன்று விவரம் தெரிந்த ஆலோசகர் அவருக்கும் ஒரு இருக்கை போடுகிறார். இருவரும் சேர்ந்து வாரம் ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம், மூன்று மாதமோ அதற்கு மேலோ வரவேண்டும் என்கிறார். தம்பதியர் சிகிச்சை என்று இதற்குப் பெயர். அந்த இரண்டாவது இருக்கை வந்து சேர்ந்த கதை கொஞ்சம் சுற்றுவழி.

முதலில் மனைவி வந்து சேர்ந்தது குற்றவாளிக் கூண்டுக்கு. 1953-ல் தெல்மா வேலன் என்ற அமெரிக்க சமூகப் பணியாளர், குடிநோயாளிகளின் மனைவிகளை நான்கு வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். துன்பப்படும் சூசன், அடக்கியாளும் கேத்தரின், ஊசலாடும் வினிஃப்ரட், தண்டிக்கும் பாலி. இந்தப் பெண்கள் தங்கள் மனக்கோணலுக்குத் தோதான ஆளாகப் பார்த்துத்தான் குடிகாரனைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது அந்தக் காலத்துச் சிந்தனை. அதே ஆண்டில் ஃபட்டர்மன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கணவன் குடியை நிறுத்திவிட்டால் மனைவி நிலைகுலைந்து போவாள், அவன் குடிப்பதுதான் அவளைத் தாங்கிப் பிடிக்கிறது என்ற கருத்து அவருடையது. நம்மூர் மாமியார்கள் எந்த ஆய்விதழும் படிக்காமலேயே இந்த முடிவுக்கு வந்திருந்தார்கள்: “நீ சரியா இருந்தா அவன் ஏன்டி அங்க போறான்?”

இந்தக் கூண்டைத் திறந்தவர் ஜோன் ஜாக்சன். சியாட்டில் நகரத்தில் குடிநோயாளிகளின் மனைவியர் கூடிப் பேசும் குழுவில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டார். 1954-ல் அவர் எழுதியதன் சாரம் எளிமையானது. இந்தப் பெண்களிடம் நாம் பார்க்கிற கோளாறெல்லாம், எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத ஒரு வீட்டில் பிழைத்துக் கிடப்பதன் தழும்புகள். குடும்பம் கடக்கும் ஏழு கட்டங்களை அவர் வரிசைப்படுத்தினார். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் மூடி மறைப்பது, பிறகு உறவு நட்பைத் துண்டித்துக்கொண்டு குடியைக் கட்டுப்படுத்தப் பார்ப்பது, பிறகு எதுவுமே கைக்கு அடங்காமல் போவது, அதன்பின் கணவன் ஒரு ஆளே இல்லை என்பதுபோல் வீட்டை நடத்தப் பழகுவது. சில பெண்கள் பிரிந்து போகிறார்கள்; போனபின் அவரில்லாமலே குடும்பத்தை ஒழுங்கு செய்துகொள்கிறார்கள்.

ஏழாவது கட்டம்தான் நமக்கு முக்கியம். கணவர் குடியை நிறுத்திவிட்டார்! ஊர் நினைக்கும், இனிமேல் என்ன குறை என்று. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு. பத்து வருஷமாகச் சம்பளக் கவரைப் பிடுங்கி வைத்து, சீட்டுக் கட்டி, ஸ்கூல் ஃபீஸ் கட்டி, வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லிக் குடும்பத்தை இழுத்து வந்தவள் அவள். பிள்ளைகள் எதைக் கேட்பதானாலும் “அம்மா” என்றுதான் கூப்பிடும். தெளிந்து திரும்பியவர் கூடத்தில் உட்கார்ந்து ஏடிஎம் கார்டைக் கேட்கிறார். மகன் டியூஷனுக்கு எங்கே போகிறான் என்று விசாரிக்கிறார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். அவருக்குச் சுருக்கென்கிறது. “நான்தான் நிறுத்திட்டேனே, இன்னும் என்ன?” என்கிறார். அவளுக்கோ அவர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூட மூக்கு தானாகவே மோப்பம் பிடிக்கிறது. மோப்பம் பிடிப்பதை அவர் பார்த்துவிடுகிறார். அன்று ராத்திரி சண்டை. மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் மேலே போகிறது.

குடி போனால் சண்டை போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. குடி இருந்தவரை எல்லாச் சண்டைக்கும் அது ஒன்றே காரணமாக நின்றது. அது நகர்ந்ததும் பின்னால் மறைந்திருந்த பத்துச் சண்டைகள் வெளியே வருகின்றன. குடிநோயாளிகள் கூட்டாக மீளும் ஏ.ஏ. இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் என்பவரின் வீட்டிலும் இதுதான் நடந்தது. நியூயார்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்குக் கிளம்பலாம் என்று அவர் சொன்னபோது மனைவி லோயிஸ் கையில் கிடைத்த செருப்பை அவர்மேல் வீசினார். இத்தனைக்கும் பில் குடிப்பதை நிறுத்தியிருந்த காலம் அது! ஆண்டுக்கணக்கில் தன்னால் முடியாததை முன்பின் தெரியாத நாலு பேர் செய்து முடித்துவிட்டார்களே என்ற ஆற்றாமை. 1939-ல் அந்த இயக்கத்தின் புத்தகம் வந்தது. அதில் மனைவியருக்கு என்று ஓர் அத்தியாயம், மனைவியரே பேசுவதுபோல. எழுதியது பில். லோயிஸ் தான் எழுதுவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. மனைவியின் குரலில்கூடக் கணவரே பேசினார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. 1951-ல் லோயிஸ் இன்னொரு பெண்மணியோடு சேர்ந்து குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். கணவருக்கு ஓர் அறை, மனைவிக்கு வேறோர் அறை. ஒரே அறையில் இருவரும் என்பது அப்போதும் வரவில்லை.

இந்தியாவில் நிலைமை வேடிக்கையானது. மேற்கில் குடும்பத்தை ஆஸ்பத்திரி வாசலோடு நிறுத்தியிருந்த 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் பாகாயத்தில் தொடங்கியது. அங்கும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது வழக்கமானது. ஆக, நமக்கு மனைவி கட்டில் பக்கத்திலேயே இருந்தார். என்னவாக இருந்தார் என்பதுதான் கேள்வி. நம் ஆஸ்பத்திரிகளில் அதற்கு ஒரு சொல் உண்டு: அட்டெண்டர். “பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?” என்று நர்ஸ் குரல் கொடுத்தால் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து ஓடுவார். வெந்நீர் வாங்கி வருவது, மருந்துச்சீட்டோடு ஓடுவது, “என்ன ஆச்சு?” என்று வருகிற உறவுக்கெல்லாம் “மஞ்சக்காமாலை” என்று பொய் சொல்வது. அவருக்கே தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகளை எங்கே விட்டு வந்தார் என்பதெல்லாம் எந்த கேஸ் ஷீட்டிலும் ஏறாது.

சென்னையில் இதை மாற்றியவர், அதே இடத்தில் நின்று பார்த்த ஒரு பெண். சாந்தி ரங்கநாதனின் கணவர் ரங்கநாதன், டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1979-ல் குடிநோயால் இறந்தார். பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டுக்கே போக இடம் இல்லாதிருந்த காலம். அடுத்த ஆண்டே, 1980-ல், கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார் சாந்தி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று வந்தவர். அடையாறு பக்கம் இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அப்படி வளர்ந்ததுதான். நோயாளிக்கு ஒரு திட்டம் இருப்பதுபோல் குடும்பத்தாருக்கும் தனியாக ஒரு திட்டத்தை அங்கே வைத்தார்கள். குடி என்பது நோய், அதை நீ வரவழைக்கவில்லை, உன் உடம்பும் மனசும்கூடச் சீராக வேண்டும் என்று ஒரு மனைவிக்கு ஆஸ்பத்திரியே சொல்வது அன்றைக்குப் புதுசு. பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, ஊருக்குள்ளேயே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். 1992-ல் சாந்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அட்டெண்டரின் பக்கம் இருந்து கட்டப்பட்ட ஆஸ்பத்திரி என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

இனி ஒரு மாத்திரைக்கு வருவோம். அன்றும் இன்றும் என்று ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் டைசல்ஃபிராம் மாத்திரையைத்தான் காட்டுவேன். 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. இது குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. சாராயத்தை உடம்பு உடைக்கும்போது நடுவில் உண்டாகும் அசிடால்டிஹைடு என்ற நச்சு மேற்கொண்டு உடையாமல் தடுத்துவிடுகிறது. மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி, தலைவலி என்று படாதபாடு படுவார். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து.

இதை நம் பெண்கள் சாம்பாரில் கரைத்தார்கள். மோரில் கலந்தார்கள். “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்” என்ற விளம்பரங்களைப் பத்திரிகை ஓரத்திலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் பார்க்காதவர் யார்? எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கே வெளிச்சம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கயிறு கட்டிப் பார்த்தாயிற்று, குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியாயிற்று, மாலை போட்டபோது நாற்பத்தெட்டு நாள் தெய்வமாக இருந்தவர் மாலையைக் கழற்றிய அன்றே பழையபடி ஆனதையும் பார்த்தாயிற்று. ஆனால் அந்த மாத்திரை ஒரு மனைவியைச் சமையற்கட்டில் ரகசியமாகக் கலக்குபவளாக ஆக்கியது. தெரியவந்த நாளில் அவருக்கு நியாயமான ஒரு கோபம் கிடைத்தது. “எனக்கு விஷம் வெக்கறியா?”

அதே மாத்திரையின் இன்றைய காட்சி இது. காலை ஆறரை மணி, அடுப்பில் பால். தினசரி காலண்டரில் நேற்றைய தாள் கிழிபடுகிறது. அவர் மாத்திரையைத் தானே எடுத்து, மனைவி பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். பிறகு சொல்கிறார்: “நேத்து குடிக்கல. இன்னைக்கும் குடிக்க மாட்டேன். கூட நின்னதுக்கு தேங்க்ஸ்.” மனைவி சொல்வார்: “சரிங்க. நேத்து குடிக்காம இருந்ததுக்கு தேங்க்ஸ்.” காலண்டரில் ஒரு டிக். பிறகு காபி. குடியைப் பற்றிய பேச்சு அந்த நாளுக்கு அத்தோடு முடிந்தது. நேற்றைய கணக்கை மனைவி எடுக்கக்கூடாது, நாளைக்கு என்ன ஆகும் என்றும் கேட்கக்கூடாது. சந்தேகம் வந்தால் அதை ஆலோசகர் அறைக்கு எடுத்துப் போகலாம், வீட்டில் கூடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாக்கு மட்டும் கொடுக்கிறார்கள். இரண்டு நாள் தொடர்ந்து இது நடக்காவிட்டால் இருவரில் யாராவது ஒருவர் ஆலோசகருக்குப் போன் செய்யவேண்டும் என்பது ஒப்பந்தம். துரத்திக்கொண்டு போய் நினைவூட்டுவது மனைவியின் வேலை அல்ல.

இந்த முறைக்கு வேர், 1973-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹன்ட்டும் ஏஸ்ரினும் செய்த ஒரு சின்ன ஆய்வு. எட்டுப் பேருக்குப் புதிய முறை, எட்டுப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. புதிய முறையில் வேலை தேடித் தருவது, தம்பதிக்கு ஆலோசனை, பழைய மதுக்கடை ஒன்றிலேயே குடியில்லாத கிளப் நடத்துவது என எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போனபின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 100-க்கு 79 நாள் குடித்தார்கள், மற்றவர்கள் 14 நாள். 1976-ல் ஏஸ்ரின், மனைவி முன்னிலையில் மாத்திரை போடுவதை இதோடு சேர்த்தார். 1980-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் திமோத்தி ஓஃபாரல் இதைத் தம்பதியருக்கான முழுச் சிகிச்சையாக வளர்த்தார். பார்பரா மெக்கிரேடி இன்னொரு பக்கம் அதே பாதையில் உழைத்தார். இதில் வாக்குக் கொடுப்பது தொடக்கம்தான். வாரம் முழுக்க மற்றவர் செய்த நல்ல காரியம் ஏதாவது கண்ணில் பட்டால் தாளில் எழுதி வரவேண்டும். சேர்ந்து எங்காவது போகவேண்டும், குடிக்கிற கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து. பிறகு ஒருவர் பேச, மற்றவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி.

இது அமெரிக்க முறைதான், அப்படியே நம் கூடத்தில் உட்காராது. அந்த ‘தேங்க்ஸ்’ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நன்றி’ என்பது நமக்கு மேடைச் சொல். ‘தேங்க்ஸ்’ கடையிலும் ஆபீசிலும் சொல்வது. புருஷன் பெண்டாட்டிக்குள் இரண்டுமே கிடையாது. சொன்னால் குத்திக்காட்டுவதுபோல் இருக்கும். “ரொம்ப தேங்க்ஸ்பா” என்று மனைவி சொன்னால் நம் வீடுகளில் அது சண்டையின் முதல் வரி. நம்மவர்கள் நன்றியை வேறு விதமாகச் சொல்கிறார்கள். வரும்போது மல்லிகைப்பூ ஒரு முழம், அவர் தட்டில் கேட்காமலே விழும் இன்னொரு தோசை. “நல்லதைக் கவனித்து எழுதி வாருங்கள்” என்ற தாளில் தோசையைத்தான் எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற ஆலோசகரே இங்கே கெட்டிக்காரர்.

பலன் உண்டா என்றால், உண்டு. இருவரும் சேர்ந்து வந்த சிகிச்சையில் குடிக்காத நாள்கள் கூடுகின்றன, வீட்டில் உறவும் தேறுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இங்கிலாந்தில் அரசு சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2011-ல் இதைத் தன் பரிந்துரையில் சேர்த்தது, துணைவர் சேர்ந்து வரத் தயாராக இருந்தால் என்ற நிபந்தனையோடு. ஒரு கறையையும் சொல்லிவிடவேண்டும். இந்தத் துறையில் நிறைய எழுதிய வில்லியம் ஃபால்ஸ்-ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் தரவுகளை இட்டுக்கட்டினார், விசாரணையில் சாட்சி சொல்ல நடிகர்களைக் கூலிக்கு அமர்த்தினார் என்று 2010-ல் நியூயார்க்கில் அவர்மேல் குற்றச்சாட்டு பதிவானது. வழக்கு நடக்குமுன்பே இறந்துவிட்டார். அவர் கைபடாத ஆய்வுகளும் நிறைய இருப்பதால் சிகிச்சை பிழைத்தது. ஆனாலும் எண்களைப் பார்த்தால் உடனே கும்பிடு போடாத பழக்கம் நல்லது.

எல்லாத் தம்பதிக்கும் இது ஆகாது. உயிர்ப்பயம் வருகிற அளவுக்கு அடி உதை உள்ள வீட்டில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து மனம் திறந்து பேசச் சொல்வது, அந்தப் பெண்ணை வீட்டுக்குப் போய் அடிவாங்கச் சொல்வதற்குச் சமம். அதனால்தான் விவரமானவர்கள் முதலில் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். குடிப்பவர் பெண்ணாக இருந்தால் இன்னொரு சிக்கல். மெக்கிரேடி குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தனியாகச் சிகிச்சை பெற்ற பெண்களைவிடக் கணவரோடு வந்த பெண்கள் கூடுதல் நாள்கள் குடிக்காமல் இருந்தார்கள். கணவர் வந்தால்தானே! குடிக்கிற மனைவிக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த ஆணை நம்மூரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். குடிக்கும் பெண் என்றால் அவர் வெளியே சொல்லவே மாட்டார், அது தனிக் கதை.

எனக்குள்ள பெரிய உறுத்தல் வேறு. கால்கட்டின் பழைய கணக்கு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடாது. “வாராவாரம் வந்தீங்களாமா? அப்புறம் ஏன் மறுபடி குடிச்சாரு?” என்று மாமியாரோ மைத்துனரோ கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. சிகிச்சையில் மனைவிக்கும் பங்கு உண்டு என்பதும் தோல்வியில் அவருக்கும் பொறுப்பு உண்டு என்பதும் நம் காதில் ஒன்றாகவே விழும்.

அந்தக் கேள்வி எழும் நிலைக்கு வருகிறவர்களே கொஞ்சம். மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. தம்பதியாகச் சிகிச்சை கிடைப்பவர்கள் அதிலும் ஒரு சிட்டிகை. வாரம் ஒருநாள் இருவரும் வரவேண்டும் என்றால் இரண்டு பேரின் கூலி போகிறது. 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையிலேயே வைத்திருக்கும் அரசு, கடையை மட்டும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்ததிலிருந்து 1971-ல் கடை திறந்தது, 1974-ல் மூடியது, மறுபடி திறந்தது என்று நாம் கடைக் கதவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

பெரிய ஆஸ்பத்திரிகளின் ஓ.பி. அறையில் டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். நோயாளி அதில் உட்காருவார், மனைவி பின்னால் நிற்பார், கையில் பழைய சீட்டுகள் அடங்கிய மஞ்சப்பை. இரண்டாவது ஸ்டூல் உள்ள அறைகளிலும் அவர் அதன் நுனியில்தான் உட்காருவார், கூப்பிட்டால் எழுந்து ஓட வசதியாக. ஆலோசகர் அவர் பக்கம் திரும்பி, “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், “ரெண்டு நாளா நல்லா தூங்கறாருங்க. சோறுதான் சரியா எறங்கல.”

“அவரைக் கேக்கலம்மா. உங்களைக் கேட்டேன்.”

அவர் திரும்பிக் கணவர் முகத்தைப் பார்க்கிறார்.